'வா' என்றால் போ! – பிரெஞ்சு ஏவல்வினை கற்பிக்கும் பாடம்



திருமண அழைப்பிதழ் ஒன்று வீட்டுக்கு வருகிறது. மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி எல்லாம் படித்த பிறகு, கீழே ஒரு மூலையில் கண் போகிறது. 'ஆர்.எஸ்.வி.பி.' என்று நான்கு எழுத்துகள், பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். இந்த நான்கு எழுத்துகளை ஏதோ ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் அவை ஒரு பிரெஞ்சு வாக்கியத்தின் முதலெழுத்துகள். 'ரெப்போந்தே, சில் வூ ப்ளே' என்பது அந்த வாக்கியம். 'பதில் கூறுங்கள், உங்களுக்கு விருப்பமானால்' என்பது சொல்லுக்குச் சொல் பொருள்.

'ரெப்போந்தே' என்பது ஏவல்வினை. ஆக, பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லும் அறியாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், பிரெஞ்சில் ஒரு கட்டளையை அச்சடித்து அனுப்பிவிட்டுத்தான் கல்யாணம் நடத்துகின்றன!

கட்டளை என்றாலும் அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏன்? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், பிரெஞ்சு மொழியின் அன்றாட வாக்கியம் எப்படி அமைகிறது என்பது முழுவதும் விளங்கிவிடும்.

ஓர் ஒலி, இரு பொருள்

முதலில் ஒரு வேடிக்கை. பாரிஸ் நகரத்துப் பூங்காவில் ஒரு தாய் தன் குழந்தையைப் பார்த்து 'வா' என்கிறாள். குழந்தை அவளிடம் வராது. சறுக்குமரத்தை நோக்கி ஓடும். பிரெஞ்சில் 'வா' என்றால் 'போ' என்று பொருள். குழந்தை திரும்பி வரவேண்டுமானால் 'வியேன்' என்று கூப்பிட வேண்டும்.

தமிழர்கள் சிரித்துக்கொண்டே மனத்தில் பதித்துக்கொள்ளக்கூடிய முதல் பாடம் இது. ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால் இன்னோர் ஒற்றுமை கவனிக்கத் தக்கது. தமிழில் 'வா', 'போ', 'உண்' என்று வினையின் அடிச்சொல்லே முன்னிலையில் இருப்பவருக்கு ஏவலாகிவிடுகிறது. பிரெஞ்சிலும் ஏவல் என்பது மிகக் குறுகிய வடிவம். எழுவாய் இல்லை, வினை மட்டும் தனியே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் தமிழ் பேசுபவர் கால் இடறி விழும் பள்ளமும் இருக்கிறது.

எழுவாயை விட்டால் பொருள் மாறும்

தமிழில் 'சாப்பிடுகிறேன்' என்ற ஒரே சொல்லில் எழுவாயும் அடங்கியிருக்கிறது. '–ஏன்' என்ற விகுதியே 'நான்' என்று சொல்லிவிடுகிறது. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்பார்கள். மலாய் மொழியிலும் 'சுடா மாக்கான்' என்றால் போதும்; யார் சாப்பிட்டார் என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். எனவே மலேசியத் தமிழர் ஒருவருக்கு எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது இரண்டு மொழிகளிலும் கைவந்த பழக்கம்.

பிரெஞ்சில் இந்தப் பழக்கம் செல்லாது. எழுத்தில் பார்த்தால் பிரெஞ்சு வினைக்கும் விகுதிகள் உண்டு. ஆனால் காலப்போக்கில் அவற்றுள் பல வாயில் தேய்ந்து, காகிதத்தில் மட்டும் தங்கிவிட்டன. 'பேசு' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். 'நான் பேசுகிறேன்', 'நீ பேசுகிறாய்', 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' ஆகிய நான்கு இடங்களிலும் வினை 'பார்ல்' என்றே ஒலிக்கும். எழுத்துக் கூட்டல் வேறு வேறு, காதுக்கு ஒன்றே. யார் பேசுகிறார் என்பதை வினை சொல்லாததால், முன்னால் நிற்கும் 'ஜெ' (நான்), 'த்யூ' (நீ), 'இல்' (அவன்) ஆகிய சிறு சொற்களே சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் அந்தச் சிறு சொல் இல்லாமல் வினை மட்டும் காதில் விழுந்தால் பிரெஞ்சுக்காரர் என்ன நினைப்பார்? இது ஏவல் என்று நினைப்பார்.

ஈப்போவிலிருந்து பாரிசுக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவனைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவன் தங்கியிருக்கும் வீட்டின் மூதாட்டி, 'நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?' என்று அன்போடு கேட்கிறார். 'நன்றாகச் சாப்பிடுகிறேன்' என்று சொல்ல நினைக்கும் மாணவன், தமிழ்ப் பழக்கத்தில் எழுவாயை விழுங்கிவிட்டு 'மான்ஜ் பியேன்' என்கிறான். மூதாட்டியின் காதில் விழுவது, 'நன்றாகச் சாப்பிடு!' என்னும் ஏவல். அக்கறையோடு கேட்டவருக்குப் பதிலாக ஒரு கட்டளை! 'ஜெ மான்ஜ் பியேன்' என்று ஒரு 'ஜெ' சேர்த்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

இலக்கணப் பிழை என்று ஆசிரியர் மதிப்பெண் குறைப்பது வேறு. பிழையை வெளியில் சொல்லாமல், 'இந்தப் பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை' என்று ஒருவர் மனத்துக்குள் நினைத்துக்கொள்வது வேறு. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும். காரணம் என்னவென்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

'வூ' நிற்கும் மூன்று இடங்கள்

அன்றாட வாக்கியத்தின் அமைப்பை மூன்றே படிகளில் நினைவில் வைக்கலாம். 'வூ' என்றால் 'நீங்கள்'. 'பார்லே' என்றால் 'நீங்கள்' என்பதற்கு உரிய 'பேசு' வினை.

'வூ பார்லே' என்று 'வூ' முன்னால் நின்றால் அது செய்தி: நீங்கள் பேசுகிறீர்கள்.

'பார்லே வூ?' என்று பின்னால் போனால் அது வினா: நீங்கள் பேசுகிறீர்களா?

'வூ' இல்லாமல் 'பார்லே' மட்டும் நின்றால் அது ஏவல்: பேசுங்கள்.

ஒரு சிறு சொல் முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, மறைந்துவிட்டதா என்பதில் வாக்கியத்தின் தலைவிதியே அடங்கியிருக்கிறது. தமிழில் இந்த வேலையை விகுதியும் '–ஆ' என்னும் வினா எழுத்தும் செய்கின்றன. பிரெஞ்சில் இடம் செய்கிறது. வினா கேட்க வேறு வழிகளும் உண்டு. வாக்கியத்தின் முன் 'எஸ்க்' என்ற தொடரைச் சேர்க்கலாம்; அல்லது செய்தி வாக்கியத்தையே குரலை உயர்த்திக் கேட்கலாம். கடைத்தெருவில் அதிகம் காதில் விழுவது இந்தக் கடைசி வகைதான்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 'அஸேயே வூ' என்பதில் 'வூ' பின்னால் நிற்கிறது. ஆனாலும் அது வினா இல்லை, 'உட்காருங்கள்' என்னும் ஏவல். பிரெஞ்சில் உட்காருவது என்பது தன்னைத்தானே உட்காரவைத்துக்கொள்வது. அந்தத் 'தன்னை' என்பதற்குத்தான் அங்கே 'வூ' நிற்கிறது.

மூன்று ஏவல்கள்

பிரெஞ்சு ஏவல் மூன்று பேருக்கு மட்டுமே உண்டு. 'நீ' என்பவருக்குப் 'பார்ல்'. 'நீங்கள்' என்பவருக்குப் 'பார்லே'. 'நாம்' என்பதற்குப் 'பார்லோன்', அதாவது 'பேசுவோம்'. பிரான்சின் தேசிய கீதமான 'லா மார்செய்யேஸ்' தொடங்குவது இந்த 'நாம்' ஏவலில்தான். 1792ஆம் ஆண்டு ருழே தெ லீல் என்ற படை அதிகாரி ஸ்ட்ராஸ்பூர் நகரில் அதை இயற்றினார். 'செல்' என்று ஒருவருக்கு ஆணையிடாமல் 'செல்வோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு அழைப்பதால், அந்தக் கட்டளை அழைப்பாகிவிடுகிறது.

காற்பந்து ரசிகர்களுக்கு இன்னோர் ஏவல் நன்கு தெரிந்திருக்கும். 1998லும் 2018லும் பிரான்சு உலகக் கிண்ணத்தை வென்றபோது அரங்கமே 'அலே' என்று முழங்கியது. 'செல்லுங்கள்' என்ற ஏவல் அங்கே உற்சாகக் குரலாகிவிட்டது.

அவன், அவள், அவர்கள் என்று படர்க்கையில் இருப்போருக்கு ஏவல் கிடையாது. அவர்களுக்குத் தமிழில் வியங்கோள் இருக்கிறது: 'வாழ்க', 'வரட்டும்'. பிரெஞ்சிலும் அதற்கென வேறொரு வினைவடிவத்தைக் கடன் வாங்குகிறார்கள். 'வீவ் லா ஃப்ரான்ஸ்' என்ற முழக்கம் அதற்கு நல்ல சான்று. 'வாழ்க பிரான்சு' என்ற அந்த முழக்கத்தில் இருப்பது ஏவல் அன்று. நம் வியங்கோளுக்கு இணையான வடிவம்.

'நீ'யா, 'நீங்களா'?

ஏவலில் எழுவாய் மறைந்துவிடும் என்று பார்த்தோம். ஆனால் அது முழுவதுமாக மறைவதில்லை. 'பார்ல்' என்றால் 'நீ'. 'பார்லே' என்றால் 'நீங்கள்'. எதிரில் இருப்பவரை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதை, ஏவுபவரின் வினையே காட்டிக்கொடுத்துவிடும். தமிழர்களுக்கு இது புதிதல்ல. 'உட்கார்' என்பதற்கும் 'உட்காருங்க' என்பதற்கும் உள்ள தூரத்தைச் சிறு குழந்தையும் அறியும்.

ஆனால் எல்லைக்கோடு வேறு இடத்தில் போடப்பட்டிருக்கிறது. தமிழ் வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் தந்தையை 'நீங்கள்' என்பர். பிரெஞ்சு வீட்டில் பெற்றோரையும் பாட்டி தாத்தாவையும் 'த்யூ' என்று அழைப்பதே பெருவழக்கு. அது மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம். அதே பிள்ளை ரொட்டிக் கடைக்காரரிடம் 'வூ' என்றே பேச வேண்டும். உறவுக்கு 'நீ', ஊருக்கு 'நீங்கள்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இறைவனையும் 'நீ' என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் கிறிஸ்து கற்பித்த செபத்தை 1966 முதல் 'த்யூ' வடிவத்தில் சொல்லி வருகிறார்கள். அதே செபத்தில் 2017 டிசம்பரில் ஓர் ஏவல்வினை மாற்றப்பட்டது. சோதனை பற்றிய வரியில் இருந்த பழைய வினை, கடவுளே மனிதனைச் சோதனைக்குள் தள்ளுகிறார் என்பதுபோல் ஒலித்தது. அதை மாற்றி, சோதனைக்குள் போக விட்டுவிடாதே என்ற பொருளுடைய வினையை வைத்தார்கள். ஒரே ஒரு ஏவல்வினைக்காக நாடு முழுவதும் உள்ள ஆலயங்களில் மக்கள் தாங்கள் மனப்பாடம் செய்ததை மாற்றிக்கொண்டார்கள்.

இந்த 'நீ', 'நீங்கள்' வேறுபாடு சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. 2014 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பிரெஞ்சுக் காவல்துறையின் நடத்தைவிதி, மக்களிடம் பேசும்போது 'வூ' பயன்படுத்த வேண்டும் என்கிறது. குடியேறியவர்களின் பிள்ளைகள் வாழும் புறநகர்ப் பகுதிகளில், சாலையில் நிறுத்திச் சோதிக்கும்போது தங்களை 'த்யூ' என்கிறார்கள் என்பது இளைஞர்களின் நீண்டநாள் மனக்குறை. 'அடையாள அட்டையைக் காட்டு' என்பதும் 'காட்டுங்கள்' என்பதும் கேட்பது ஒன்றையே. ஆனால் முதலாவது ஒருவரைக் குற்றவாளிபோல் நிறுத்துகிறது. இரண்டாவது குடிமகனாக நிறுத்துகிறது.

அதிபர்களும் ஏவலும்

2008 பிப்ரவரியில் பாரிஸ் வேளாண் கண்காட்சியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போதைய அதிபர் நிக்கோலா சார்க்கோசி கைகுலுக்கிக்கொண்டே போனார். பார்வையாளர் ஒருவர் 'என்னைத் தொடாதே' என்று மறுத்தார். அதிபர் உடனே 'காஸ் துவா' என்று சொல்லி, அதோடு ஒரு வசைச்சொல்லையும் சேர்த்தார். 'காஸ் துவா' என்றால் 'தொலைந்து போ'. அதுவும் 'நீ' என்னும் ஏவல்! நாட்டின் தலைவர் குடிமகன் ஒருவரிடம் அப்படிப் பேசியது படமாகி உலகம் முழுவதும் பரவியது.

கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு அதிபர் வேறொரு நகருக்கு வந்தபோது, ஒருவர் அதே சொற்களை அட்டையில் எழுதிக் காட்டினார். நாட்டுத் தலைவரை அவமதித்ததாக அவருக்கு 30 யூரோ ஒத்திவைக்கப்பட்ட அபராதம் விதிக்கப்பட்டது. 2013 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தத் தண்டனை கருத்துரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே அத்தகைய குற்றப்பிரிவு சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இரண்டு சொல் ஏவல் ஒன்று ஒரு சட்டப்பிரிவையே அசைத்துவிட்டது.

2018 ஜூன் 18ஆம் தேதி இன்னொரு நிகழ்ச்சி. நினைவு விழா ஒன்றில் ஒரு மாணவன் அதிபர் எமானுவல் மக்ரோனை 'மனு' என்று செல்லப்பெயரில் அழைத்தான். அதிபர் நின்று, 'என்னை அதிபர் அவர்களே என்றோ ஐயா என்றோ அழைக்கிறாய்' என்றார். அவர் ஏவல்வினையைப் பயன்படுத்தவே இல்லை. 'த்யூ மாப்பெல்', அதாவது 'நீ என்னை அழைக்கிறாய்' என்ற சாதாரணச் செய்தி வாக்கியம்தான். ஆனாலும் அது கட்டளை என்பது அங்கிருந்த அனைவருக்கும் விளங்கியது. தமிழிலும் தாய் பிள்ளையிடம், 'நேரா வீட்டுக்கு வர்ற, குளிக்கிற, படிக்கிற' என்பாள் அல்லவா? அதே முறைதான். மரியாதையைக் கற்பித்த அதிபர் மாணவனை 'த்யூ' என்றே அழைத்தார் என்பதும் கவனிக்க வேண்டிய செய்தி.

உயிர் காக்கும் பிழை

ஏவலோடு 'என்னை', 'எனக்கு' போன்ற சொற்கள் சேரும்போது ஒரு விதி உண்டு. செய் என்று ஏவும்போது அச்சொல் வினைக்குப் பின்னால் வரும்: 'தொன்னே முவா', எனக்குக் கொடுங்கள். செய்யாதே என்று தடுக்கும்போது வினைக்கு முன்னால் போய்விடும். எதிர்மறைக்கு 'நெ', 'பா' என்ற இரண்டு சொற்கள் வினையை இருபுறமும் அணைத்து நிற்கும். 'என்னைத் தொடாதே' என்பது முறைப்படி 'நெ மெ தூஷ் பா' என்றிருக்க வேண்டும். கண்காட்சியில் அந்தப் பார்வையாளர் 'தூஷ் முவா பா' என்றார். அது பேச்சுவழக்கு. அன்றாடப் பேச்சில் 'நெ' பெரும்பாலும் விழுந்துவிடும்.

ஆபத்தில் சிக்கிய விமானிகள் 'மேடே, மேடே, மேடே' என்று அழைப்பதைத் திரைப்படங்களில் பார்த்திருப்போம். 1920களின் தொடக்கத்தில் லண்டனின் குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த மொக்ஃபோர்டு என்பவர் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே விமானங்கள் பறந்த காலம் அது. இருபுறத்தாருக்கும் புரியும்படி, 'எனக்கு உதவ' என்று பொருள்படும் 'மேதே' என்ற பிரெஞ்சு ஒலியை ஒட்டி அது அமைந்தது. 1927இல் அனைத்துலக வானொலி உடன்பாட்டில் ஏற்கப்பட்டது. முறையான பிரெஞ்சு ஏவலாக இருந்தால் 'ஏதே முவா' என்று 'எனக்கு' பின்னால் வந்திருக்க வேண்டும். இலக்கணப்படி முழுமையில்லாத ஒரு சொல், அன்று முதல் வானத்திலும் கடலிலும் உதவி கேட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இதில் கற்பவர்களுக்கு ஆறுதலும் இருக்கிறது. பிழையாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு உதவி வராது. பிழையோடு கேட்டவருக்கும் வரும்.

கட்டளையைப் பணிவாக்குவது எப்படி?

பிரெஞ்சுக்காரர்கள் அந்நியரிடம் வெறும் ஏவலை எளிதில் வீசுவதில்லை. கதவிலும் சுவரிலும் பலகை எழுதும்போது யாருக்கும் குறிப்பாகச் சொல்லாமல், 'புகை பிடிக்காமை' என்பதுபோல் வினையின் பெயர்வடிவை எழுதிவிடுவார்கள்: 'நெ பா ஃப்யூமே'. சமையல் குறிப்புகளிலும் இந்த வடிவம் உண்டு. அலுவலகத்தில் காத்திருக்கச் சொல்ல 'வொய்யே' என்ற சொல்லை முன்னால் வைப்பார்கள். 'விரும்புங்கள்' என்ற ஏவலிலிருந்து வந்தது அது. மலாயில் 'சிலா டுடுக்' என்பதில் உள்ள 'சிலா'வைப்போல் அது வேலை செய்கிறது.

கடைக்குப் போனால் 'கொடுங்கள்' என்பதைவிட, 'ஜெ வூத்ரே' என்று தொடங்குவது சிறப்பு. 'எனக்கு வேண்டியிருந்தது' என்பதுபோல் தயங்கிக் கேட்கும் வடிவம் அது. அதற்கும் முன்னால், கடைக்குள் கால் வைத்தவுடன் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லாமல் கேட்கும் எந்த வாக்கியமும், எவ்வளவு பணிவான இலக்கணத்தில் இருந்தாலும், அங்கே கட்டளையாகவே ஒலிக்கும்.

ஆகவே பிரெஞ்சு கற்கத் தொடங்கும் இளையோர் மூன்றை மறவாமல் இருந்தால் போதும். செய்தி சொல்லும்போது எழுவாயை விழுங்கக் கூடாது. ஏவும்போது ஆள் அறியாதவரிடம் 'வூ' வடிவத்தையே எடுக்க வேண்டும். எதற்கும் முன்னால் வணக்கம். மற்ற விதிகள் புத்தகத்தில் காத்திருக்கும். நாளடைவில் வந்து சேரும்.

மீண்டும் அந்த அழைப்பிதழுக்கு வருவோம். 'ரெப்போந்தே' என்பது கட்டளைதான். ஆனால் அது 'நீங்கள்' என்று மதித்துச் சொல்லும் கட்டளை. பின்னால் 'உங்களுக்கு விருப்பமானால்' என்று வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. கோபம் வராததன் காரணம் இதுதான். அடுத்த முறை அந்த நான்கு எழுத்துகளைப் பார்க்கும்போது, அழைத்தவர் எவ்வளவு பணிவோடு கேட்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வரட்டும். தொலைபேசியை எடுத்து, வருகிறோம் என்றோ வர இயலவில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.